யன்னல் கம்பியில் கட்டிய பட்டம்

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மகள் சில கிழமைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. முகமும் காலும் வீங்கி, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனதைக் கண்டு பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகத்தில் வருத்தம், உப்பில்லாத சாப்பாடு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். அந்த உப்பில்லாத சோற்றுக்கு அவள் போட்ட சண்டையைத் தவிர எங்களுக்கு அங்கே பெரிய துன்பம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

பிள்ளைகளின் வாட்டு ஒரு நீண்ட மண்டபம். எங்கள் கட்டில் வாசலோரம். மண்டபத்தின் மற்ற முனையில், மேற்கே பார்த்த யன்னல்களுக்குக் கீழே சில கட்டில்கள் சற்றுத் தள்ளிக் கிடந்தன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். சிலருக்குத் தலையில் மயிர் இல்லை. அவர்களுடைய தாய்மார் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, தேத்தண்ணிப் போத்தலும் உடுப்புப் பெட்டியுமாகக் குடியிருப்பது போலவே இருந்தார்கள். புற்றுநோய் என்ற சொல்லை அந்த வாட்டில் நான் யாருடைய வாயிலிருந்தும் கேட்டதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பார்கள். தாதிமாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

மகள் சுகமாகி வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீடு சுன்னாகச் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரம். முதல் நாள் தன் படுக்கையில் ஏறிப் படுத்தவள், தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திடீரென்று கேட்டாள்.

“அம்மா, யன்னல் பக்கம் ஒரு தம்பி இருந்தவன் எல்லே, அவனுக்கு எப்ப தலகணி குடுப்பினம்?”

“ஏன், அங்கை தலகணி இருக்குத்தானே.”

“அது றப்பர் சீலை போட்ட தலகணி. முதுகிலையும் றப்பர். அவன் எழும்பேக்கை தோல் ஒட்டிப் பிரியிற சத்தம் கேக்கும். நீங்கள் கேக்கேல்லையோ?”

நான் கேட்கவில்லை. அத்தனை நாள் அந்த மண்டபத்தில் இருந்தும் என் காது என் பிள்ளையின் கட்டிலோடு நின்றுவிட்டது. அவள் அடுத்த நாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். பிள்ளைகள் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்கள். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்த என் மச்சாள், “உவளுக்குப் பதில் சொல்லி ஏலாது, தைச்சுக் குடுத்திட்டுப் பேசாமல் இருப்பம்” என்றாள்.

மச்சாள் என் புருஷனின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். என் வயதுதான் அவளுக்கும். வீட்டில் இருந்த தையல் மெஷினுக்கு அவள்தான் அரசி, நான் நூல் கோத்துக் கொடுக்கிற ஆள். அது வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோன காலம். புதுத்துணி கடையில் கிடைப்பதே அருமை. ஆனால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போனதால் எங்களைப் போன்ற தோட்டக்காரர் வீடுகளில் கையில் கொஞ்சம் காசு இருந்தது. துணி இல்லாவிட்டாலும் பழைய சேலைகள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வருஷம் உடுத்துத் தோய்த்த நூல்சேலையைப் போல மெத்தென்ற துணி புதிதாக எந்தக் கடையிலும் வராது என்று மச்சாள் சொன்னாள். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டோம். எதற்கு என்று சொன்னதும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

முதலில் நான் தனியாகப் போய், வாட்டுக்குப் பொறுப்பான தாதியைக் கண்டேன். எல்லோரும் அவரைப் ‘பெரிய மிசி’ என்பார்கள். சிரிக்காத முகம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “கழுவேலாத சாமான் ஒண்டும் கொண்டு வரப்படாது. துணியெல்லாம் அவிச்சு, வெயிலிலை காயவைச்சு, இஸ்திரிக்கை போட்டுத்தான் வரவேணும். தின்னிற சாமான் வேண்டாம். பூ வேண்டாம்” என்றார். அதற்குமேல் நன்றி, சந்தோஷம் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் நான் படியிறங்கும்போது பின்னால் வந்து, “சட்டை தைக்கிறதெண்டால் முன்பக்கம் திறக்கிற மாதிரித் தையுங்கோ. பொத்தான் வேண்டாம், நாடா வையுங்கோ. கையிலை ஊசி ஏத்தியிருக்கேக்கை தலையாலை கழட்ட ஏலாது” என்றார்.

அப்படியே செய்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சுருக்குக் கயிறு வைத்த ஒரு துணிப்பை. ஒரே மாதிரி இருந்தால் மாறிப்போகும் என்று மச்சாள் ஒன்றில் மீன், ஒன்றில் கிளி, ஒன்றில் கத்தரிக்காய் என்று நிறத்துணியில் வெட்டி ஒட்டித் தைத்தாள். உள்ளே இலவம்பஞ்சு அடைத்த சின்னத் தலையணை, விரிக்க ஒன்றும் போர்க்க ஒன்றுமாக இரண்டு சேலைத்துணி விரிப்பு, நாடா வைத்த சட்டை இரண்டு, துவாய், வாசச் சவுக்காரம் ஒன்று, நிறப் பென்சில் பெட்டி, வரைவதற்குக் கொப்பி. இன்னும் ஏதோ குறைகிறது என்று யோசித்து, சந்தையில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சீப்புகள் வாங்கி ஒவ்வொரு பையிலும் ஒன்று போட்டேன். பிள்ளைகளுக்குப் பை என்றால் அதில் சீப்பு இருக்கத்தானே வேண்டும். என் மகளுக்கு அப்படித்தான் கட்டியிருந்தேன்.

மார்கழி பிறந்திருந்தது. நானும் மச்சாளும் பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். பார்வையாளர் நேரம். பிள்ளைகள் கட்டிலில் உட்கார்ந்து பையை அவிழ்த்தார்கள். எல்லோருக்கும் முதலில் பிடித்தது பையில் இருந்த மீனும் கிளியும்தான். கத்தரிக்காய் கிடைத்த பிள்ளை அழப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண்பிள்ளை, “எனக்குக் கத்தரிக்காய்தான் விருப்பம், தா” என்று தன் கிளியைக் கொடுத்து மாற்றிக்கொண்டாள். அப்போதுதான் அவளைக் கவனித்தேன். ஒன்பது பத்து வயதிருக்கும். கழுத்தின் ஒரு பக்கத்தில் மருந்துத் துணி ஒட்டியிருந்தது. அவளும் மொட்டைதான்.

பிறகு அவள் பைக்குள் கைவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

மச்சாள் என் கையைப் பிடித்தாள். யன்னல் பக்கத்துக் கட்டில்களில் மயிரில்லாத பிள்ளைகள் சீப்பும் கையுமாக இருந்தார்கள். தாய்மார் எங்களைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். நான் ஓடிப்போய் அந்தப் பெண்பிள்ளையின் கையிலிருந்து சீப்பை வாங்கப் பார்த்தேன்.

“ஏன் மாமி எடுக்கிறியள்?”

“இல்லையம்மா, அது பிழையா வந்திட்டுது. வேறை சாமான் கொண்டு வாறன்.”

“வேண்டாம். நல்ல சீப்பு.” அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பல்லைப் பார்த்தாள். நகத்தால் ஒருமுறை வழித்துப் பார்த்தாள். பிறகு சவுக்காரத்தின் உறையைப் பிரித்து, உள்ளே சுற்றியிருந்த மெல்லிய தாளை எடுத்துச் சீப்பின் மேல் மடித்து, உதட்டில் வைத்து ஊதினாள்.

ஙொய் என்று ஒரு சத்தம் எழும்பியது. பெரிய வண்டொன்று மண்டபத்துக்குள் வந்துவிட்டது போல எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் யன்னல் பக்கமெல்லாம் சவுக்கார உறைகள் பிரிந்தன. வாசலோரத்துப் பிள்ளைகள் கட்டிலில் எழும்பி நின்று எட்டிப் பார்த்தார்கள். பெரிய மிசி விரைந்து வந்தார். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் நடுமண்டபத்தில் நின்று கேட்டார். பிறகு வந்த வழியே திரும்பிப் போனார்.

“இது விண்” என்று அந்தப் பெண்பிள்ளை மற்றவர்களுக்குச் சொன்னாள். “எங்கடை அப்பாவின்ரை பட்டத்திலை இருக்கிற விண் இப்பிடித்தான் கத்தும். இதிலும் பாக்கப் பெரிசாக் கத்தும். ராத்திரியெல்லாம் கத்தும்.”

அவள் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே உள்ள ஒரு மீன்பிடி ஊர்க்காரி. அவளுடைய அடுத்த கட்டிலில் கிடந்தவன்தான் என் மகள் சொன்ன தம்பி. தென்மராட்சிப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. ஐந்து வயது. சேலைத்துணி விரிப்பில் புரண்டு புரண்டு பார்த்துக்கொண்டு கிடந்தவன், அவளைப் பார்த்து, “பட்டம் கத்தாது. நாய்தான் கத்தும்” என்றான்.

“உனக்கென்ன தெரியும்? எங்கடை பட்டம் உன்ரை அப்பாவிலும் உயரம்.”

“பொய்.”

“எங்கடை அப்பாவைக் கொண்டுவரச் சொல்லுறன், பார்.”

அவளுடைய தாய் சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார். “பொய்யில்லைத் தங்கச்சி. மாரியிலை கடல் பொல்லாது. வள்ளம் இறக்க ஏலாது. இவளின்ரை தேப்பனுக்கு அந்த நாளையிலை பட்டம் கட்டிறதுதான் வேலை. இந்த வருஷம் இவளுக்கு இப்பிடி வந்ததாலை சிலாகைகூடச் சீவேல்லை.”

விண் என்பது பட்டத்தின் தலைப்பக்கத்தில் கட்டுகிற ஒரு வில். கமுக மரத்தில் மெல்லியதாகப் பிளந்த சிலாகையை வளைத்து, பனைநாரை நாடா போல மெல்லியதாகச் சீவி இழுத்துக் கட்டுவார்கள். காற்றுப் பட்டால் அந்த நார் அதிரும். எங்கள் பக்கத்திலும் பிள்ளைகள் விண் பூட்டிப் பட்டம் விடுவார்கள்தான், ஆனால் அவை கைக்கடக்கமான பட்டங்கள். வடகரைப் பட்டங்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேனே ஒழியக் கண்டதில்லை.

அடுத்த முறை நாங்கள் போனது தைப்பொங்கலுக்குச் சில நாள் முன்பு. புதிதாக வந்திருந்த ஒரு பிள்ளைக்குப் பை கொண்டுபோனோம். வாட்டு வாசலில் ஒருவர் பெரிய மிசியின் முன்னால் நின்றார். அகன்ற தோள், வெயிலில் கறுத்த முகம், தோய்த்து மடித்து உடுத்த வெள்ளைச் சாரம். அவர்தான் அந்தப் பெண்பிள்ளையின் தகப்பன்.

“உள்ளுக்கு ஒண்டும் வராது மிசி. பட்டம் வெளியிலை. நூல் மட்டும் யன்னல் கம்பியிலை கட்டிறன். பிள்ளையள் தொட்டுப் பாக்கட்டும்.”

“நூல்தான் எனக்குப் பிரச்சினை” என்றார் பெரிய மிசி. “உங்கடை பட்ட நூல் எப்பிடி வெட்டும் எண்டு எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளையளின்ரை உடம்பு உமக்குத் தெரியும்தானே. ஒரு கீறல் விழுந்தால் இரத்தம் நிக்காது. அதுக்கு ஆர் பொறுப்பு?”

அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கயிறு அறுத்த பழைய தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. “அது உண்மை மிசி” என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பினார். எதிர்த்துக் கதைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கவலையாக இருந்திராது.

அப்போது மச்சாள் முன்னால் போனாள். யாரிடமும் வலியப்போய்க் கதைக்கிற ஆள் இல்லை அவள்.

“மிசி, நூலுக்குச் சட்டை போட்டால்?”

“என்ன?”

“பிள்ளையள் பிடிக்கிற இடம் மட்டும். சேலைத்துணியை மூண்டு நாலு மடிப்பாத் தைச்சு, குழாய் மாதிரி, நடுவிலை பஞ்சும் வைச்சு. நூல் அதுக்குள்ளாலை போகும். கையிலை துணிதான் படும்.”

பெரிய மிசி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தைச்சுக் கொண்டு வா. முதல் என்ரை கையாலை இழுத்துப் பாத்துத்தான் விடுவன். பெரிய டொக்டரிட்டையும் கேக்கவேணும்.”

தகப்பன் மச்சாளைப் பார்த்து, “தங்கச்சி, எவ்வளவு நீளத்துக்குத் தைப்பியள்?” என்று கேட்டார். அவள் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள். அவருடைய முகத்தில் அப்போது வந்த சிரிப்பு மகளின் சிரிப்பேதான்.

பொங்கல் முடிந்த ஒரு பின்னேரம், மீன் லொறியில் பட்டம் வந்து இறங்கியது. தகப்பனும் அவரோடு கடலுக்குப் போகிற ஒரு கூட்டாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாக எட்டு மூலை. நிமிர்த்தி வைத்தபோது அது அவருடைய தலைக்கு மேலே நின்றது. தலைப்பக்கத்தில் விண், கீழே பழைய கயிற்றால் முறுக்கிய நீண்ட வால். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். தோட்டத்துச் சொந்தக்காரர் பக்கத்து மடத்து வாசலில் இருந்து எழும்பி வந்து, என்ன ஏது என்று விசாரித்து, யன்னல் பக்கம் பார்த்தார். கம்பிகளுக்கிடையில் சின்ன முகங்கள் அடுக்கினாற்போல நின்றன. “கண்டுகளை மிதியாமல் வரம்பாலை போங்கோ” என்று மட்டும் சொன்னார். பிறகு அவரே முன்னால் நடந்து வழி காட்டினார்.

வாடைக்காற்று, உள்ளே யன்னலடியில் நின்ற எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, கட்டிடத்தைத் தாண்டி வந்தது. முதல்முறை ஏற்றியபோது பட்டம் தலையைச் சிலுப்பி ஒரு பக்கம் சாய்ந்து வரம்பில் விழுந்தது. பிள்ளைகளிடமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. “கட்டிடத்துக்குப் பின்னாலை காத்துச் சுழலுது, இன்னும் தள்ளிப் போகவேணும்” என்று தகப்பன் சொன்னார். இருவரும் தோட்டம் கடந்து, அப்பால் இருந்த தரிசு நிலத்துக்குப் போனார்கள். யன்னலில் இருந்து பார்க்கையில் அவர்கள் விரலளவு தெரிந்தார்கள். கூட்டாளி பட்டத்தை உயர்த்திப் பிடித்து விட்டார். அது இரண்டு தரம் தலையாட்டிவிட்டு நேரே மேலே ஏறியது.

சத்தம் உடனே வரவில்லை. பட்டம் தென்னை உயரம் தாண்டி, அதற்கும் மேலே போய் நிலையாக நின்றபிறகுதான் கேட்டது. முதலில் ஏதோ லொறி தூரத்தில் வருகிறது என்று நினைத்தேன். பிறகு அது வானத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. ஒரே சீராக, மூச்சு எடுக்காமல், அடிவயிற்றில் அதிர்கிற ஒரு கூவல். வாட்டில் இருந்த அத்தனை பேரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள். மருந்துத் தட்டோடு வந்த தாதி அப்படியே நின்றாள்.

தகப்பன் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு, காற்றுக்கு எதிரே பின்பக்கமாக நடந்து யன்னலுக்கு வந்தார். மச்சாள் தைத்த துணிக்குழாய்க்குள்ளால் நூலைக் கோத்து, கம்பியில் வள்ளம் கட்டுகிற முடிச்சுப் போட்டார். பெரிய மிசி உள்ளேயிருந்து கை நீட்டிக் குழாயைப் பற்றி, இழுத்தார், உருவினார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி பற்றினார். இம்முறை சோதிப்பதற்காக இல்லை என்று எனக்கு விளங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“சரி” என்றார் கடைசியில். “ஒவ்வொருத்தராப் பிடியுங்கோ.”

வடகரைப் பெண்பிள்ளைதான் முதலில் பிடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் யன்னலடியில் நின்றபடி, “முதல் தம்பிக்கு. அவன்தான் பொய்யெண்டு சொன்னவன்” என்றாள்.

தம்பியால் எழும்ப முடியவில்லை. அந்தக் கிழமை அவனுக்கு மிகவும் மோசம். வாயெல்லாம் புண். தாய் தூக்கிப் பிடித்தால் நோகிறது என்று அழுவான். கட்டிலைத் தள்ளிக்கொண்டு வரலாம் என்றால் அதன் ஒரு கால் சில்லு இறுகிப்போயிருந்தது. துணிக்குழாய் அவன் கைக்கு எட்டவில்லை. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளியே நின்ற தகப்பன் கம்பிக்கூடாக அவனைப் பார்த்தார். பிறகு இடுப்பில் சுற்றியிருந்த ஒரு கயிற்றை அவிழ்த்து, ஒரு நுனியைப் பட்ட நூலோடு பிணைத்து, மறு நுனியைக் கம்பிக்கூடாக மகளிடம் நீட்டினார். “உதைக் கட்டிலின்ரை இரும்பிலை கட்டு பிள்ளை. தளர விடாதை. இறுக்கி.”

அவள் கட்டினாள். தகப்பன் போட்ட அதே முடிச்சு. கயிறு விறைத்து நின்றது.

தம்பி மெல்லத் தலையைத் திருப்பினான். கட்டில் சட்டத்தில் இருந்த அவனுடைய கை அசையாமல் நின்றது. கண்கள் பெரிதாகின. பிறகு அவன் புரண்டு, கன்னத்தை அந்த இரும்பில் வைத்தான்.

“அம்மா” என்றான். “கட்டில் கதைக்குது.”

அந்தத் தாய் குனிந்து தன் காதையும் இரும்பில் வைத்தார். நான் கட்டிலின் கால்மாட்டைத் தொட்டேன். இரும்பு உயிரோடு இருந்தது. அவ்வளவு தூரத்தில், கண்ணுக்குச் சின்னத் துண்டுத்தாளாகத் தெரிகிற ஒன்றின் குரல், நூல் வழியே இறங்கி, கயிறு வழியே வந்து, அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குள் ஓடியது. கையில் ஏறியது, முழங்கையில் ஏறியது. நான் கோயிலில் தேர் வடம் பிடித்திருக்கிறேன். ஆயிரம் பேர் இழுக்கிற வடத்தில் கூட எனக்கு அப்படி உடம்பு கூசியதில்லை. அது ஒரு பிள்ளையின் கட்டில் என்ற நினைப்பே போய்விட்டது.

“என்ன கதைக்குது தம்பி?” என்று பெண்பிள்ளை கேட்டாள்.

அவன் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான். “மேலை நல்ல காத்தாம்.”

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்து துணிக்குழாயைப் பற்றினார்கள். ஒரு பிள்ளை பிடித்தவுடன் விட்டுவிட்டு ஓடிப்போய்த் தாயின் சேலைக்குள் முகம் புதைத்தது. திரும்பி வந்து மறுபடி பிடித்தது. ஒரு பையன், “என்னைத் தூக்குது, தூக்குது” என்று கத்தினான். மயிர் இல்லாத, உடம்பில் பலம் இல்லாத, ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் நீலமான அந்தப் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வானத்தில் நிற்கிற ஒன்றைத் தங்கள் கையால் பிடித்து வைத்திருந்தார்கள். வாசலோரத்துப் பிள்ளைகளும் வரிசையில் வந்து நின்றார்கள். சுற்றுக்கு வந்த டொக்டரும் வரிசையில் நின்றார். பிள்ளைகள் அவரை முன்னால் விடவில்லை.

கொண்டுபோன பிளாஸ்கின் மூடியில் நான் தேத்தண்ணி ஊற்றி யன்னலுக்கு வெளியே நீட்டினேன். தகப்பன் குடித்தார், கூட்டாளி குடித்தார், தோட்டக்காரர் குடித்தார். அதே மூடியில் பிறகு மச்சாளும் நானும் குடித்தோம். சாதி பார்க்கிற எங்கள் ஊரில் வேறொரு நாளில் அப்படி நடந்திருக்காது. அன்று அது யாருக்கும் தோன்றவுமில்லை.

பொழுது சாய்ந்ததும் காற்று விழுந்தால் கரண்ட் கம்பியில் சிக்கும் என்று பட்டத்தை இறக்கினார்கள். பிள்ளைகள் அழவில்லை. களைத்துப்போயிருந்தார்கள். பெரிய மிசி துணிக்குழாயை மடித்து மச்சாளிடம் கொடுத்தார். “நல்லாத் தைச்சிருக்கிறாய்” என்றார். அவர் வாயால் நாங்கள் கேட்ட ஒரே பாராட்டு அதுதான். பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுப் படலையைத் திறக்கும்போது மச்சாள் என்னைப் பார்த்து, “மச்சாள், எனக்கு இன்னும் கை அதிருது” என்றாள்.

தம்பி மாசி மாதத்தில் போய்விட்டான். அடுத்த முறை நாங்கள் போனபோது கட்டிலில் வேறொரு பிள்ளை இருந்தது. பெரிய மிசிதான் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாள் அவனுடைய தாய் எங்கள் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார். விரிப்பையும் சட்டையையும் தோய்த்து மடித்துக் கொண்டுவந்து, வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னார். தலையணையை மட்டும் தான் வைத்திருப்பதாகச் சொன்னார். அவர்தான் எங்களைத் தேற்றுவது போலக் கதைத்தார்.

“பட்டம் போன பிறகும் அவன் இரும்பிலை காதை வைச்சுக்கொண்டுதான் படுப்பான். இன்னும் கேக்குது அம்மா எண்டுவான். எனக்குக் கேக்கேல்லை. ஆனால் நோ வரேக்கை முந்தி மாதிரிக் கத்தேல்லை. கேட்டுக்கொண்டு கிடப்பான்.”

அவர் போன பிறகு மச்சாள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் இருந்து நூல் கோத்தேன். அதற்குப்பிறகு அந்த வாட்டுக்கு எத்தனையோ வருஷம் பை கொண்டுபோனோம். எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருந்த பெண்களும் சேர்ந்தார்கள். புதிதாக வந்து சேருகிறவர்கள் சிலர் எங்களைப் பார்த்து, பாவம் அந்தப் பிள்ளைகள் என்று கண்கலங்குவார்கள். எனக்கும் மச்சாளுக்கும் அந்தச் சொல் வாயில் வராமலே போய்விட்டது. அந்த வாட்டுக்குள் நுழையும்போது, பெரியவர்கள் இருக்கிற இடத்துக்குள் போவது போல நாங்கள் இருவரும் சேலையைச் சரிசெய்துகொள்வோம்.

வடகரைப் பெண்பிள்ளையைப் பங்குனியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். கழுத்தில் இருந்த கட்டிக்குக் கரண்ட் பிடிக்க, அதாவது கதிர் பாய்ச்ச வேண்டும், அந்த மெஷின் அங்கேதான் இருக்கிறது என்றார்கள். தாயும் கூடப் போனார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. பெரிய மிசியிடம் கேட்டேன். “கொழும்புக்குப் போன பிள்ளையளின்ரை கதை எனக்கும் வந்து சேராது” என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவில்லை.

ஆவணியில் ஒரு நாள் என் புருஷன் வெங்காய மூட்டைகளைக் கொழும்புக்கு ஏற்றுவதற்காகச் சுன்னாகம் ஸ்டேசனில் நின்றார். நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிற ரயில் வந்து நின்றது. மேடையோரமாக நடந்துகொண்டிருந்தபோது, “மாமி! பை மாமி!” என்று யாரோ கத்தினார்கள்.

யன்னலில் அவள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் விரல் நீளத்துக்குக் கருகருவென்று மயிர் சுருண்டு முளைத்திருந்தது. கழுத்தின் தோல் ஒரு பக்கம் கறுத்திருந்தது. கன்னம் உப்பி, கண் இரண்டும் துள்ளிக்கொண்டு இருந்தன. பின்னால் தாயும், கூட்டிவரப் போயிருந்த தகப்பனும் எழும்பி நின்று சிரித்தார்கள். நான் யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கேட்க எத்தனையோ இருந்தது.

“எப்பிடியம்மா இருக்கிறாய்?” என்றேன்.

“பசிக்குது மாமி.”

தாய் தலையில் கைவைத்துக்கொண்டார். “பாருங்கோ தங்கச்சி, ரயில் ஏறினதிலையிருந்து திண்டுகொண்டுதான் வாறாள். கட்டிக்கொண்டு வந்த சோறு அநுராதபுரம் வரமுந்தி முடிஞ்சுது. பிறகு வடை, பிறகு கச்சான். இன்னும் பசியாம்.”

“டொக்டர் என்ன சொன்னவர் அண்ணை?” என்று தகப்பனிடம் கேட்டேன்.

“இனி ஆறு மாசத்துக்கு ஒருக்கால் காட்டினால் போதுமாம்.” அவர் மற்றப் பக்கம் திரும்பி வெங்காய மூட்டைகளைப் பார்த்தார்.

என் கையில் புருஷனுக்குக் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது. வாழையிலையில் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பொரித்த மிளகாயும். ரயில் ஊதிவிட்டது. நான் அதை யன்னலுக்கூடாக நீட்டினேன். வண்டி நகரத் தொடங்கும்போதே அவள் மடியில் வைத்துப் பிரித்துவிட்டாள். நான் மேடை முடியும் வரை கூடவே நடந்தேன். அவள் ஒரு பிடி சோற்றை உருட்டி வாயில் வைத்து, வாய் நிறைய மென்றுகொண்டே எனக்குக் கை காட்டினாள்.

திரும்பி வந்தபோது என் புருஷன் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். “எங்கை என்ரை சாப்பாடு?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அவர் கேட்டு முடித்துவிட்டு, எழும்பி, ஸ்டேசனுக்கு முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.